எண்ணைப் பெருக்கினால் பரவல் என்ன ஆகும்?

ஐம்பதுக்கு வாங்கிய மதிப்பெண்ணை நூறுக்கு மாற்றுகிறோம். செல்சியஸில் இருக்கும் வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில் எழுதுகிறோம். சம்பளப் பட்டியலை ஆயிரம் ரூபாய்க் கணக்கில் சுருக்குகிறோம். கணக்கோடு புழங்கும் எவருக்கும் இது அன்றாட வேலை. எண்களை மாற்றுவது எளிது. அந்த எண்களுக்கு ஏற்கெனவே கண்டுபிடித்து வைத்த சராசரியையும் பரவலையும் என்ன செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சராசரியை எப்படி மாற்றினோமோ அப்படியே மற்றதையும் மாற்றிவிட்டால் விடை தவறாகிவிடும். அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாமல் அறிக்கையிலும் தரவரிசையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது, மூல எண்கள் கையில் இல்லாவிட்டாலும் பழைய சராசரி, பழைய பரவல் இரண்டையும் வைத்தே புதியவற்றைச் சொல்ல உங்களால் முடியும். எந்த இடத்தில் அப்படிச் சொல்லக் கூடாது என்பதும் தெரிந்திருக்கும்.

முதலில் மூன்று அளவுகள்

நான்கு மாணவர்கள் ஐம்பது மதிப்பெண் தேர்வில் 23, 29, 31, 37 வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சராசரி: கூட்டினால் 120, நான்கால் வகுத்தால் 30.

விலக்கம்: ஒவ்வொரு மதிப்பெண்ணும் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. இங்கே –7, –1, 1, 7.

பரவற்படி: விலக்கங்களை வர்க்கமாக்கிச் சராசரி காண்பது. 49 + 1 + 1 + 49 = 100; நான்கால் வகுத்தால் 25. பத்தாம் வகுப்புப் பாடநூலில் இதை விலக்க வர்க்கச் சராசரி என்ற பெயரில் படித்திருப்பீர்கள். இலங்கைப் பாடநூல்களில் மாறற்றிறன்.

திட்ட விலக்கம்: பரவற்படியின் வர்க்கமூலம். √25 = 5. இலங்கையில் இது நியம விலகல்.

இந்த நான்கு எண்களும் அத்தியாயம் முழுக்க நம்மோடு வரும். ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டினால்

வினாத்தாளில் ஒரு கேள்வி தவறு. எல்லோருக்கும் 5 மதிப்பெண் கருணையாகக் கொடுக்கிறோம். பட்டியல் 28, 34, 36, 42 ஆகிறது. சராசரி 35. விலக்கங்கள் –7, –1, 1, 7. பழையபடியே இருக்கின்றன. ஆகவே பரவற்படி அதே 25, திட்ட விலக்கம் அதே 5.

காரணம் எளிது. எல்லோரும் ஐந்து படி ஏறினார்கள், சராசரியும் ஐந்து படி ஏறியது. இடைவெளி மாறவில்லை. பரவல் என்பது இடைவெளியின் அளவு. எல்லோருக்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதோ கழிப்பதோ அதைத் தொடுவதில்லை.

பெருக்கினால்

இப்போது ஐம்பதை நூறாக்குவோம். எல்லா மதிப்பெண்ணும் இரண்டால் பெருகும்: 46, 58, 62, 74. சராசரி 60. விலக்கங்கள் –14, –2, 2, 14. வர்க்கங்கள் 196, 4, 4, 196, கூட்டினால் 400. பரவற்படி 100. திட்ட விலக்கம் 10.

சராசரி இரண்டு மடங்கு. திட்ட விலக்கமும் இரண்டு மடங்கு. பரவற்படி மட்டும் நான்கு மடங்கு. விலக்கம் ஒவ்வொன்றும் இரட்டிக்கிறது. அதை வர்க்கமாக்கும்போது அந்த இரண்டும் சேர்ந்தே வர்க்கமாகி நான்காகிவிடுகிறது. மூன்றால் பெருக்கினால் பரவற்படி 9 மடங்காகும். பத்தால் பெருக்கினால் 100 மடங்காகும். பாதியாக்கினால் கால் பங்காகும்.

இதை மனப்பாடம் செய்வதைவிட அலகோடு சேர்த்து நினைவில் வைப்பது நல்லது. மதிப்பெண்ணின் சராசரிக்கு அலகு மதிப்பெண். திட்ட விலக்கத்துக்கும் அதுவே. பரவற்படிக்கு அலகு மதிப்பெண்ணின் வர்க்கம். ஒரு மீட்டருக்கு 100 செ.மீ. என்றாலும் ஒரு சதுர மீட்டருக்கு 10,000 சதுர செ.மீ. அல்லவா? பரவற்படி சதுர அலகுக்காரர். அந்த ஒன்றை மறக்காவிட்டால் சூத்திரம் தானே வந்து நிற்கும்.

எதிர்மறை எண்ணால் பெருக்கினாலும் இதே கதைதான். ‘வாங்கிய மதிப்பெண்’ணுக்குப் பதில் ‘இழந்த மதிப்பெண்’ என்று எழுதினால், அதாவது 50-லிருந்து கழித்தால், பட்டியல் 27, 21, 19, 13. சராசரி 20. பரவற்படி அதே 25, ஏனெனில் –1-இன் வர்க்கம் 1. திட்ட விலக்கத்துக்குக் குறியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுக்க வேண்டும். திட்ட விலக்கம் எதிர்மறையாக வந்தால் கணக்கில் எங்கோ பிழை.

எக்செலில் பரவற்படிக்கு இரண்டு வகைச் சூத்திரங்கள் உண்டு. ஒன்று மொத்த எண்ணிக்கையால் வகுக்கும். மற்றது எண்ணிக்கையில் ஒன்று குறைத்து வகுக்கும். நம் பட்டியலுக்கு இரண்டாவது 33.33 தரும், இரட்டித்த பிறகு 133.33 தரும். எதை எடுத்தாலும் விகிதம் நான்குதான். முன்பு ஒன்று, பின்பு இன்னொன்று என்று மாற்றி எடுக்காமல் இருந்தால் போதும்.

இரண்டும் சேர்ந்து வந்தால்

செல்சியஸை 1.8-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட். ஐந்து நாள் வெப்பநிலை 34, 36, 35, 38, 37 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்கொள்வோம். சராசரி 36, பரவற்படி 2, திட்ட விலக்கம் 1.41.

ஃபாரன்ஹீட்டில் சராசரி: 36 × 1.8 + 32 = 96.8.
திட்ட விலக்கம்: 1.414 × 1.8 = 2.55. இங்கே 32-க்கு வேலை இல்லை.
பரவற்படி: 2 × 3.24 = 6.48. இங்கேயும் 32-க்கு வேலை இல்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால் ஐந்து நாளையும் மாற்றிப் பாருங்கள்: 93.2, 96.8, 95, 100.4, 98.6. அதே விடைகள்தான் கிடைக்கும்.

இதே விதியைத் தலைகீழாக ஓட்டினால் கைக்கணக்கு சுருங்கும். பள்ளியில் படித்த ஊகச் சராசரி முறையும் படி விலக்க முறையும் இந்த விதியின் மேல்தான் நிற்கின்றன. ஐந்து பேரின் சம்பளம் 18,000, 18,500, 19,000, 19,500, 20,000 ரூபாய். 19,000-ஐக் கழித்து 500-ஆல் வகுத்தால் –2, –1, 0, 1, 2. இவற்றின் சராசரி 0, பரவற்படி 2. திரும்பிப் போகும்போது சராசரி 0 × 500 + 19,000 = 19,000 ரூபாய். பரவற்படி 2 × 500 × 500 = 5,00,000. திட்ட விலக்கம் சுமார் 707 ரூபாய்.

அலுவலக அறிக்கைகளில் அடிக்கடி கோட்டைவிடும் இடமும் இதுதான். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் பரவற்படி 9 என்றால், ரூபாய்க் கணக்கில் அது 9,000 ஆகாது, 90 லட்சம். திட்ட விலக்கம் 3 என்பது 3,000 ரூபாய். வாசிப்பவருக்குச் சொல்லும்போது திட்ட விலக்கத்தையே சொல்லுங்கள். ரூபாயின் வர்க்கத்தில் எவரும் யோசிப்பதில்லை.

கட்-ஆஃப் கணக்கில் ஒளிந்திருப்பது

தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. பிளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 200, மொத்தம் 1,200 என்றிருந்த காலத்தில் கணித மதிப்பெண்ணை இரண்டாலும் மற்ற இரண்டை நான்காலும் வகுத்தார்கள். பாடத்துக்கு 100, மொத்தம் 600 என்று மாறிய பின் கணிதம் அப்படியே, மற்றவை பாதி.

மூன்று பாடத்திலும் திட்ட விலக்கம் 16 என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃபுக்குள் வரும்போது கணிதம் 16, மற்றவை தலா 8. பரவற்படி கணிதத்துக்கு 256, மற்றவற்றுக்குத் தலா 64. மூன்றையும் கூட்டினால் 384. அதில் கணிதத்தின் பங்கு 256, அதாவது மூன்றில் இரண்டு. மதிப்பெண்ணில் பாதி மட்டுமே வைத்திருக்கும் பாடம், மாணவர்களை முன்பின்னாகப் பிரிப்பதில் மூன்றில் இரண்டு பங்கு எடுத்துக்கொள்கிறது.

மூன்று பாட மதிப்பெண்களும் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். நிஜத்தில் ஒன்றில் நன்றாக எழுதுபவர் பெரும்பாலும் மற்றவற்றிலும் நன்றாக எழுதுகிறார். மூன்றும் முழுக்க ஒத்துப்போனால் கணிதத்தின் பங்கு பாதிக்கு இறங்கும். ஒவ்வொரு ஜோடிப் பாடமும் ஒரே அளவுக்கு ஒத்துப்போகிறது என்று கொண்டால், உண்மையான பங்கு பாதிக்கும் மூன்றில் இரண்டுக்கும் நடுவே இருக்கும்.

திட்ட விலக்கங்களும் சமமாக இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஓர் ஆண்டு கணிதத் தாள் மிக எளிதாகி எல்லோரும் நூறை ஒட்டி நின்றால் அதன் திட்ட விலக்கம் 5-க்கு இறங்கலாம். இயற்பியல் கடினமாகி 24 ஆனால், பாதியாக்கிய பிறகும் அது 12. அந்த ஆண்டு தரவரிசையைத் தீர்மானிப்பது இயற்பியல். எத்தனை மதிப்பெண்ணுக்கு என்பது ஒரு பாடத்தின் எடையைப் பாதிதான் சொல்லும். அந்த மதிப்பெண் எவ்வளவு பரவியிருக்கிறது என்பது மீதிப் பாதி. மதிப்பீட்டு முறை வகுக்கும் எவரும் இதைக் கவனிக்காமல் விட்டால், நினைத்த எடை ஒன்றாகவும் நடக்கும் எடை வேறாகவும் போய்விடும். அதன் விலையைக் கொடுப்பவர்கள் மாணவர்கள்.

எல்லாப் பாடத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருதல்

இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை இலங்கையில் இருக்கிறது. பல்கலைக்கழக அனுமதிக்கு அங்கே 2001 முதல் இசட் புள்ளி பயன்படுகிறது. ஒரு பாடத்தில் மாணவர் பெற்ற மதிப்பெண்ணிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, அந்தப் பாடத்தின் திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். நாம் மேலே பார்த்த இரண்டு விதிகளையும் திட்டமிட்டுப் பயன்படுத்துவதுதான் இது. கழித்ததும் சராசரி 0 ஆகிறது. வகுத்ததும் திட்ட விலக்கம் 1 ஆகிறது, பரவற்படியும் 1. கடினமான பாடம், எளிதான பாடம் எல்லாம் ஒரே பரவலோடு வந்து நிற்கின்றன. பிறகு பாடங்களின் புள்ளிகளைச் சராசரியாக்கலாம்.

நம் நான்கு மாணவர்களில் 37 வாங்கியவரின் இசட் புள்ளி (37 – 30) ÷ 5 = 1.4. நூறுக்கு மாற்றிய பட்டியலிலும் (74 – 60) ÷ 10 = 1.4. கருணை மதிப்பெண் சேர்த்த பட்டியலிலும் (42 – 35) ÷ 5 = 1.4. பெருக்கலும் கூட்டலும் இதை அசைப்பதில்லை.

ஆனால் எந்தக் கூட்டத்தின் சராசரி, எந்தக் கூட்டத்தின் திட்ட விலக்கம் என்பது முக்கியம். 2011 உயர்தரப் பரீட்சையைப் பழைய பாடத்திட்டத்திலும் புதிய பாடத்திட்டத்திலும் மாணவர்கள் எழுதினார்கள். இரு தரப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கணித்த இசட் புள்ளிகள் வழக்குக்குப் போய், 2012-இல் இலங்கை உச்ச நீதிமன்றத்தால் ரத்தாயின. வெவ்வேறு தாள் எழுதியவர்கள் வெவ்வேறு கூட்டம். அவரவர் கூட்டத்தின் சராசரியைத்தான் கழிக்க வேண்டும்.

விரும்பிய சராசரிக்கும் விரும்பிய திட்ட விலக்கத்துக்கும் மதிப்பெண்ணை மாற்றுவதும் இதே வழிதான். பன்னாட்டுக் கல்வி ஒப்பீடான பீசா 2000-இல் தொடங்கியபோது வாசிப்புத் திறனுக்குச் சராசரி 500, திட்ட விலக்கம் 100 என்று அளவுகோலை அமைத்தார்கள். செய்முறை:

1. புதிய திட்ட விலக்கத்தைப் பழைய திட்ட விலக்கத்தால் வகுங்கள். அதுதான் பெருக்கும் எண்.
2. பழைய சராசரியை அந்த எண்ணால் பெருக்கி, புதிய சராசரியிலிருந்து கழியுங்கள். அதுதான் கூட்டும் எண்.
3. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் பெருக்கிக் கூட்டுங்கள்.

பெருக்குவது வேறு, பலவற்றைக் கூட்டுவது வேறு

ஒரு மூட்டை அரிசி சராசரி 25 கிலோ, திட்ட விலக்கம் 0.1 கிலோ. நூறு மூட்டை ஏற்றினால் மொத்த எடையின் திட்ட விலக்கம் என்ன? 0.1 × 100 = 10 கிலோ என்று சொல்லத் தோன்றும். அது, ஒரே ஒரு மூட்டையை நிறுத்து அதே எடைதான் நூறுக்கும் என்று எழுதிக்கொண்டால் வரும் விடை. நூறு மூட்டையும் தனித்தனியாக ஏறி இறங்கும்போது, ஒன்றில் கூடியது இன்னொன்றில் குறைந்து பெருமளவு சமனாகிவிடும். அப்போது பரவற்படிகளைக் கூட்ட வேண்டும்: 0.01 × 100 = 1. திட்ட விலக்கம் 1 கிலோ.

பத்துக்கும் ஒன்றுக்கும் எவ்வளவு வித்தியாசம்! ஒன்றை நூறால் பெருக்கினால் பரவற்படி 10,000 மடங்கு. தொடர்பற்ற நூறைக் கூட்டினால் 100 மடங்குதான். சராசரி இரண்டிலும் 2,500 கிலோ. சராசரியை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

கூட்டும்போது ஒன்றோடொன்று சேர்வது பரவற்படி, திட்ட விலக்கம் அல்ல. சதுர அலகில் இருந்தாலும் பரவற்படியை நாம் கட்டிக்கொண்டு அழுவது இதற்காகத்தான். அதற்கு ஆங்கிலத்தில் தனிப்பெயர் வைத்தவர் ரொனால்டு ஃபிஷர். உறவினர்களிடையே உயரம் போன்ற பண்புகள் எப்படி ஒத்துப்போகின்றன என்று ஆராய்ந்து 1918-இல் எழுதிய கட்டுரையில், வேறுபாட்டுக்கான காரணங்களைப் பிரித்துப் பார்க்க இந்த அளவே ஏற்றது என்று எடுத்துக்கொண்டார். தொடர்பற்ற காரணங்களின் பரவற்படிகள் நேராகக் கூடும் என்பதே அதற்கு அடிப்படை.

இதிலிருந்து இன்னொரு பயனும் உண்டு. நூறு மூட்டையின் சராசரி எடை என்பது மொத்தத்தை 100-ஆல் வகுப்பது. அதன் திட்ட விலக்கம் 1 ÷ 100 = 0.01 கிலோ. ஒரு மூட்டைக்கு 0.1 ஆக இருந்தது, நூறின் சராசரிக்குப் பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அளவீட்டின் ஐயத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு அளவீடு தேவை. பத்தில் ஒரு பங்காக்க நூறு மடங்கு தேவை.

விதி செல்லாத இடங்கள்

*உச்சவரம்பு.* கருணை மதிப்பெண் 5 கொடுக்கிறோம், ஆனால் 50-ஐத் தாண்டக் கூடாது என்கிறோம். 48 வாங்கியவருக்கு 2 மட்டுமே கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே கூட்டல் இல்லை. சராசரி 5 ஏறாது, பரவலும் மாறிவிடும்.

*தலைகீழ் அலகு.* ஒரு பைக் லிட்டருக்கு 40 கி.மீ., இன்னொன்று 60 கி.மீ. சராசரி 50. ஆகவே 100 கி.மீ.-க்குச் சராசரி 2 லிட்டர் என்று எழுதினால் தவறு. முதல் பைக்குக்கு 2.5 லிட்டர், இரண்டாவதுக்கு 1.67 லிட்டர், சராசரி 2.08. வகுத்துத் திருப்புவது, வர்க்கமாக்குவது, மடக்கை எடுப்பது எதற்கும் நம் விதி பொருந்தாது. மூல எண்களுக்குத் திரும்பிப் போய்த்தான் கணக்கிட வேண்டும்.

*மாறுபாட்டுக் கெழு.* திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குவது இது. பெருக்கினால் மாறாது, கூட்டினால் மாறிவிடும். மேலே சொன்ன ஐந்து நாள் வெப்பநிலைக்குச் செல்சியஸில் 3.9 சதவீதம், ஃபாரன்ஹீட்டில் 2.6 சதவீதம். அதே ஐந்து நாள், அதே வெயில், இரண்டு விடை. ரூபாய், கிலோ, மீட்டர் போல ‘ஒன்றுமில்லை’ என்பதிலிருந்து தொடங்கும் அளவுகளுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

கையில் வைத்துக்கொள்ள

| செயல் | சராசரி | திட்ட விலக்கம் | பரவற்படி |
|---|---|---|---|
| எல்லாவற்றோடும் 5 கூட்டல் | 5 கூடும் | மாறாது | மாறாது |
| எல்லாவற்றையும் 3-ஆல் பெருக்கல் | 3 மடங்கு | 3 மடங்கு | 9 மடங்கு |
| எல்லாவற்றையும் 2-ஆல் வகுத்தல் | பாதி | பாதி | கால் பங்கு |
| தொடர்பற்ற, ஒரே மாதிரியான 100 அளவுகளின் கூட்டல் | 100 மடங்கு | 10 மடங்கு | 100 மடங்கு |
| அந்த 100 அளவுகளின் சராசரி | மாறாது | பத்தில் ஒன்று | நூறில் ஒன்று |

பயிற்சி

1. ஒரு பட்டியலில் மழையளவின் சராசரி 4 அங்குலம், திட்ட விலக்கம் 1.5 அங்குலம். மில்லிமீட்டரில் மூன்று அளவுகளும் என்ன? ஓர் அங்குலம் 25.4 மி.மீ.

2. வகுப்பின் சராசரி 42, திட்ட விலக்கம் 6. இதைச் சராசரி 60, திட்ட விலக்கம் 12 ஆக மாற்ற வேண்டும். 48 வாங்கியவருக்கு என்ன கிடைக்கும்?

3. ஒரு மூட்டையின் திட்ட விலக்கம் 200 கிராம். தொடர்பற்ற 16 மூட்டைகளின் மொத்த எடைக்கும் சராசரி எடைக்கும் திட்ட விலக்கம் என்ன?

4. சென்னை ஆட்டோவுக்கு 2013-இல் நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கி.மீ.-க்கு 25 ரூபாய், அதற்கு மேல் கி.மீ.-க்கு 12 ரூபாய். ஓர் ஓட்டுநரின் சவாரிகளின் சராசரித் தூரம் 6 கி.மீ., திட்ட விலக்கம் 2 கி.மீ. காத்திருப்பு, இரவுக் கட்டணங்களை விட்டுவிட்டுக் கட்டணத்தின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் காண்க.

விடைகள்

1. சராசரி 101.6 மி.மீ.; திட்ட விலக்கம் 38.1 மி.மீ.; பரவற்படி 2.25 × 645.16 = 1,451.61. இது 38.1-இன் வர்க்கமே என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

2. பெருக்கும் எண் 12 ÷ 6 = 2. கூட்டும் எண் 60 – 84 = –24. ஆகவே 48 × 2 – 24 = 72. பழைய பட்டியலில் சராசரிக்கு ஒரு திட்ட விலக்கம் மேலே இருந்தவர், புதியதிலும் அங்கேயே இருக்கிறார்.

3. மொத்தத்துக்கு 200 × 4 = 800 கிராம். சராசரிக்கு 200 ÷ 4 = 50 கிராம்.

4. கட்டணம் = 25 + 12 × (தூரம் – 1.8), அதாவது 12 × தூரம் + 3.4. சராசரி 75.40 ரூபாய், திட்ட விலக்கம் 24 ரூபாய். ஆனால் எல்லாச் சவாரியும் 1.8 கி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் இந்த விடை சரி. ஒரு கி.மீ. போனவரும் 25 ரூபாய்தான் கொடுக்கிறார். அவருக்கு இந்தச் சூத்திரம் 15.40 ரூபாய் என்று சொல்லும். இப்படிக் குறுஞ்சவாரிகள் கலந்திருந்தால் உண்மையான சராசரி 75.40-ஐவிடக் கூடும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே பெருக்கலையும் ஒரே கூட்டலையும் பெற்றதா என்று பார்த்த பிறகே விதியைக் கையில் எடுங்கள்.